கீற்று போய் ஷீட் வந்த கதை



நம் இருசக்கர வாகன நிறுத்தத்தின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கோடைக்குள் மாற்றுவதென்று சங்கக் கூட்டத்தில் முடிவானது உங்களுக்குத் தெரியும். அதைப் பிரிப்பதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. கீற்றைப் பார்த்தாலே பயந்த அந்த ஆண்டில், நானும் அப்போது குடியிருந்த வீட்டின் மொட்டை மாடிக் கொட்டகையைப் பிரித்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டேன். தீப்பிடிக்காது, விலையும் குறைவு. ஷீட்டை அளவுக்கு வெட்டிய தொழிலாளி வெள்ளைப் புழுதிக்குள் நின்றார். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை. நான் அவருக்கு மோர் கொடுத்தேன், வேறெதுவும் தோன்றவில்லை.

அந்தப் புழுதியின் கெடுதல் தெரியவந்து அப்போதே 80 ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்ற நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலைச் சோதித்த மருத்துவர் குக், உள்ளே அந்தத் தாதுத் துகள்களைக் கண்டு எழுதினார். 1931இல் அங்கே ஆலைப் புழுதியைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. 1999இல் அந்த நாடு ஆஸ்பெஸ்டாஸை அடியோடு தடை செய்தது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் தடை உண்டு. நம் நாட்டில் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டுக்குத் தடை இல்லை.

ஆஸ்பெஸ்டாஸைத் தமிழில் கல்நார் என்பார்கள், பெயரே விளக்கம். கல்லாக இருந்தாலும் நாராகப் பிரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் மூச்சோடு உள்ளே போனால் உடலால் முழுவதும் வெளியேற்ற முடிவதில்லை. நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா ஆகியவை 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

இதை நம் உச்ச நீதிமன்றமும் கணக்கில் எடுத்தது. நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில், 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பு வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. வங்கியில் வவுச்சர்களைச் சில ஆண்டுகளில் கழித்துவிடுவோம். 40 ஆண்டு வைக்கச் சொன்னார்கள் என்றால் இந்த நோய் எவ்வளவு மெதுவாக வரும் என்று பாருங்கள். ஆலைத் தொழிலாளிக்கு அந்தப் பதிவேடாவது உண்டு. என் வீட்டு மாடியில் ஷீட் வெட்டியவருக்கு எந்தப் பதிவேடும் இல்லை. அவர் பெயர்கூட எனக்கு நினைவில் இல்லை.

பயப்பட வேண்டாம். உடையாமல் இருக்கும் ஷீட்டின் கீழே வண்டி நிறுத்துவதால் பெரிய ஆபத்து இல்லை. வெட்டும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும்தான் நார் பறக்கும். ஆகவே ஒப்பந்ததாரரிடம் நாம் கேட்க வேண்டியவை இவை: ஷீட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். மெஷினால் அறுக்கவோ மேலிருந்து போடவோ கூடாது. உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். துணி மாஸ்க் போதாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் தூசி வடிகட்டி மாஸ்க்கைச் சங்கமே வாங்கித் தர வேண்டும். துண்டுகளைத் தடித்த பாலிதீனில் கட்டி, எங்கே சேர்ப்பது என்று மாநகராட்சியிடம் கேட்டே அனுப்ப வேண்டும். கொள்ளிடக் கரையில் கொட்டிவிடக் கூடாது.

அன்று குழந்தைகளைக் கீழே விளையாட விடாதீர்கள். வேலை செய்பவர்களுக்கு மோரும் கொடுங்கள், மாஸ்க் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.