நிர்வாண ஒளிப்படக் கலை

ஆடையற்ற மனித உடலை அதன் வடிவுக்காகவும், தோல்மீது விழும் ஒளிக்காகவும், உடல் காட்டித்தரும் மனநிலைக்காகவும் படமெடுப்பது நிர்வாண ஒளிப்படக் கலை. பார்ப்பவரின் காமத்தைக் கிளறி அதை விற்பது ஆபாசப்படம். எவ்வளவு துணி இருக்கிறது என்று அளந்து இரண்டையும் பிரிக்க முடியாது. கழுத்துவரை போர்த்திக்கொண்டும் ஆபாசம் பண்ணலாம் என்பது நம் சினிமாப் பாட்டுகளைப் பார்த்த யாருக்கும் தெரியும். எடுத்தவரின் நோக்கம், படம் வெளியாகும் இடம், படத்தில் இருப்பவரின் சம்மதம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். மூன்றாவதைப் பற்றித்தான் இந்தியாவில் மிகக் குறைவாகப் பேசியிருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் ஆடையற்ற உடல் புதிதல்ல. மைசூர் நகருக்கு மேற்கே, கோமடகிரிப் பாறைமேல் சமண முனிவர் பாகுபலி அம்மணமாக நிற்கிறார். சிரவணபெளகொளாவில் 10ஆம் நூற்றாண்டில் செதுக்கிய அவரது சிலை ஏறத்தாழ 57 அடி உயரம். அதன் தலைமேல் அபிஷேகம் செய்யும் மகாமஸ்தகாபிஷேகப் படங்களைப் பத்திரிகைகள் பெரிதாக வெளியிடுகின்றன; யாரும் முகம் சுளிப்பதில்லை. கோயில் சிற்பங்களுக்கும் வழிபாட்டு உருவங்களுக்கும் ஆபாசச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. கேமரா எடுத்த உடலுக்கு அந்தச் சலுகை எளிதில் கிடைக்கவில்லை. சிலைக்குப் பின்னால் ஓர் ஐதீகம் இருக்கிறது. படத்துக்குப் பின்னால் ஊரும் உறவும் உள்ள ஓர் ஆள் இருக்கிறார்.

தொடக்ககாலப் படங்கள் பல கலையிலும் சேராதவை, ஆபாசத்திலும் சேராதவை. அந்தமானில் ஆங்கிலேய அதிகாரி மாரிஸ் விடல் போர்ட்மன் 1890களில் பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி, உடல் அளவு தெரியும்படி படமெடுத்தார். அறிவியல் என்ற பெயர் இருந்ததால் அவை மதிப்பான சேகரிப்புகளுக்குப் போயின. மனிதரை அவமதித்த கணக்கில் பார்த்தால், பிற்காலத்தில் வழக்கு வாங்கிய எந்தப் படத்தைவிடவும் இவை மோசமானவை.

உடலை உடலாகவே மதித்த முதல் பெரிய முயற்சிகளுள் ஒன்று இலங்கையில் நடந்தது. கொழும்பின் பறங்கியர் சமூகத்தில் பிறந்த லயனல் வென்ட் (1900–1944) லண்டனில் சட்டமும் பியானோவும் கற்றவர். ஊர் திரும்பியபின் வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒட்டவில்லை. 1930களில் கேமராவோடு இருட்டறையில் கிடந்தார். உழைத்து இறுகிய உள்ளூர் இளைஞர்களின் உடல்களே அவர் பொருள். சாய்ந்து விழும் வெளிச்சம், ஈரத் துணியின் மடிப்பு, திரும்பி நிற்கும் முதுகு. வெளிச்சத்தை இடையில் பாய்ச்சி நிழலும் ஒளியும் இடம் மாறச்செய்வது, பல நெகட்டிவ்களை ஒட்டிப் புதுப் படம் உண்டாக்குவது என எல்லாவற்றையும் செய்துபார்த்தார். அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படங்களைக் கொண்டு 1950இல் லண்டனில் ஒரு தொகுப்பு வந்தது. அவர் வீடு இருந்த இடத்தில் இன்று நிற்கும் லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கு இந்தப் படங்கள் தெரியாது. ஆண்மேல் ஆணுக்குள்ள ஈர்ப்பு அவற்றில் இருக்கிறது; அதை மறைத்துப் பேசுவது வீண். ஆனாலும் அந்த உடல்களுக்கு ஒரு நிமிர்வு உண்டு. எடுத்தவரோ வசதியுள்ள வக்கீல், நின்றவர்களோ பெரும்பாலும் பெயரின்றியே நமக்கு வந்து சேர்ந்தவர்கள். இந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே அவற்றைப் பார்க்கவேண்டும்.

இந்தியாவில் கலையா ஆபாசமா என்ற வாதம் நீதிமன்றப் படிகளில்தான் நடந்தது. 1964இல், ஒரு புத்தகத்தை விற்றதற்காகத் தொடுத்த ரஞ்சித் உதேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம், எளிதில் கெட்டுப்போகக்கூடியவரை மனத்தில் வைத்து அளக்கும் 1868ஆம் ஆண்டின் ஆங்கிலேய அளவுகோலை ஏற்றது. நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகாது என்றும், மைக்கலாஞ்சலோவின் தேவதூதர்களுக்குக் காற்சட்டை மாட்டத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. என்றாலும் அந்தப் புத்தகத்தை விற்றவருக்குத் தண்டனை உறுதியானது.

1995இல் டஃப்ஸ் காலணி விளம்பரத்துக்காக மாடல்கள் மிலிந்த் சோமனையும் மது சப்ரேயையும் மலைப்பாம்போடு, காலணி தவிர வேறெதுவுமின்றி எடுத்தார் ஒளிப்படக் கலைஞர் பிரபுத்த தாஸ்குப்தா. வழக்கு 2009 வரை இழுத்தடித்து விடுதலையில் முடிந்தது. செருப்பு விற்கும் படம் கலையா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் விற்பனை வேறு, ஆபாசம் வேறு. அந்த விளம்பரத்துக்கு அடுத்த ஆண்டு தாஸ்குப்தா வெளியிட்ட 'விமன்' தொகுப்பில் நகரத்துப் பெண்கள் ஆடையுடனும் இன்றியும் கேமராவை நேரே பார்க்கிறார்கள்.

2014இல் அளவுகோல் மாறியது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றி நின்ற படத்தை ஜெர்மனியின் 'ஸ்டெர்ன்' இதழிலிருந்து எடுத்துக் கொல்கத்தா இதழ்கள் 1993இல் வெளியிட்டிருந்தன. படமெடுத்தவர் பெண்ணின் தந்தை. சொன்ன செய்தி நிறவெறிக்கு எதிரானது. அவீக் சர்க்கார் வழக்கு எனப்படும் இதில் உச்ச நீதிமன்றம் பழைய அளவுகோலைக் கைவிட்டது. படத்தை முழுமையாக, அதன் பின்னணியோடு, சமகாலச் சமூகத்தின் கண்ணால் பார்க்கச் சொன்னது. ஓவியர்கள் எஃப்.என். சூசா, அக்பர் பதம்சீ ஆகியோரின் படைப்புகளைச் சுங்கத்துறை முடக்கியபோது, நிர்வாணமெல்லாம் ஆபாசமல்ல என்று கூறி 2024இல் அவற்றை விடுவித்தது பம்பாய் உயர் நீதிமன்றம்.

இன்று படங்கள் கண்காட்சிச் சுவரில் நிற்பதில்லை, கைபேசிக்கு இறங்கிவிடுகின்றன. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் குற்றம். இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது: படமெடுக்கச் சம்மதித்து, பிறருக்குக் காட்டச் சம்மதிக்காதவரின் படத்தைப் பரப்பினாலும் குற்றமே. ஆனால் அந்தப் பிரிவு பெண்களை மட்டுமே காக்கிறது. வென்ட் முன் நின்ற இளைஞர்களைப் போன்றோர் அதில் இல்லை.