சூபிக்: கப்பல் போன பின்பும் பிழைத்த ஊர்

பொருளாதார வரலாறு படித்தவன் என்ற முறையில், நம் இளைய மாணவர்களுக்கு ஒரு ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம்தான் பக்கத்து ஒலாங்காப்போ நகரத்துக்குச் சோறு போட்டது. 1991 ஜூனில் பினாட்டுபோ எரிமலை வெடித்துச் சாம்பலைக் கொட்டியது. செப்டம்பரில் செனட் சபை 12-11 என்ற வாக்குக் கணக்கில் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. 1992 நவம்பரில் அமெரிக்கர்கள் கிளம்பிப் போனார்கள். அப்புறம் பொழைப்புக்கு என்ன வழி?

மேயர் ரிச்சர்ட் கோர்டன் கூப்பிட்டதும் ஆயிரக்கணக்கான மக்கள் சம்பளம் வாங்காமல் தளத்தைக் காவல் காத்தார்கள். கிளார்க் விமானத் தளத்தில் நடந்தது போன்ற கொள்ளை இங்கே நடக்கவில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டம் சூபிக்கைச் சுங்கவரி இல்லாத தொழில் மண்டலமாக்கியது. 1995இல் ஃபெடெக்ஸ் தன் ஆசிய மையத்தை அங்கே அமைத்தது. 2009இல் அதைச் சீனாவின் குவாங்சோவுக்கு மாற்றிக்கொண்டது. பல்லாயிரம் பேருக்கு வேலை தந்த கொரிய நிறுவனமான ஹன்ஜினின் கப்பல் கட்டும் தளம் 2019இல் கடனில் மூழ்கியது. 2022இல் அது அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது.

ஒரே முதலாளியை நம்பிய ஊர் ஒவ்வொரு முறையும் தள்ளாடத்தான் செய்யும். ஆனால் துறைமுகமும், ஓடுபாதையும், வேலை தெரிந்த கைகளும் அங்கேயே இருந்ததால், அடுத்தவர் வந்து தொழில் தொடங்க முடிந்தது. திட்டம் போடுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.