முற்றத்துக் கல்லும் முன்பணமும்

இங்கிலாந்தின் புறநகர் வீடுகளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம் இருக்கும். நாற்காலி போட்டு உட்கார அதில் ஒரு கல்தளம். அந்தத் தளத்தில் பதித்திருக்கும் மணற்கல் பல வீடுகளில் நம் ராஜஸ்தானிலிருந்து போனது. கோட்டா, பூந்தி, பீல்வாடா மாவட்டக் குவாரிகளில் வெட்டிக் கப்பலேற்றிய கல். அதைப் பதித்துக் கொடுப்பவை ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறு தோட்ட நிறுவனங்கள். கல் விற்கும் கடை, இறக்குமதியாளர், ஏற்றுமதியாளர், கல் கிடங்கு, குவாரி குத்தகைதாரர், மேஸ்திரி என்று ஆறு கை தாண்டித்தான் கல்லை உடைத்தவரிடம் போய்ச் சேர முடியும். தலித்துகளும் ஆதிவாசிகளுமே அங்கே பெரும்பான்மை.

பிரிட்டன் 2015இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் தங்கள் சரக்குச் சங்கிலியில் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும். ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி அது அறிக்கைதான்! சிறு நிறுவனத்துக்கு அந்தக் கடமைகூடக் கிடையாது. மனசாட்சி உள்ள ஒரு முதலாளி கடைக்காரரிடம் கேட்பார். கடைக்காரர் இறக்குமதியாளர் தந்த சான்றிதழைக் காட்டுவார். கேள்வி அத்தோடு நின்றுவிடும்.

‘நவீன’ என்ற சொல்லோடு எனக்குத் தகராறு உண்டு. குவாரியில் இருப்பது புதிதாக முளைத்தது அல்ல. கிராமத்து ஊழியத்துக்குப் பிறப்பால் கட்டப்பட்டிருந்த மகர்களை விடுவிக்க, அம்பேத்கர் 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் வதன் முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தார். அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. ஆனாலும் கொத்தடிமை முறையைத் தனியாக ஒழிக்கும் தேசியச் சட்டத்துக்கு 1975 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்து அவசரச் சட்டம் அது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையிலிருந்த நேரத்தில் கொத்தடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார்கள். 1976இல் அதுவே நிரந்தரச் சட்டமானது.

மாணவத் தோழர்கள் இந்தச் சட்டத்தின் முதல் சில பக்கங்களையாவது படிக்க வேண்டும். கொத்தடிமை உழைப்புக்கான காரணங்களில் முன்பணம், வழிவழி வந்த கடமை இவற்றோடு ‘குறிப்பிட்ட சாதியில் அல்லது சமூகத்தில் பிறந்ததால்’ என்பதையும் அது எழுதி வைத்திருக்கிறது. 15ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. ஒரு கடனைக் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது.

சட்டம் வந்தும் குவாரிக்குள் அது நுழையவில்லை. சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா, டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத் கல்குவாரிகளின் நிலையை 1982இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியது. நீதிபதி பகவதி அமர்வு அக்கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. ஆணையர்களை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. வெளிமாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள், ஓலைக் குடிசை, அசுத்தமான தண்ணீர், கிரஷர் தூசு என்று அறிக்கை வந்தது. அதற்கு ஹரியானா அரசு சொன்ன பதில்தான் வேடிக்கை: அவர்கள் கட்டாய உழைப்பாளிகளாக இருக்கலாம், கொத்தடிமைகள் என்று நிரூபிக்கப்படவில்லை! அதாவது, முன்பணம் வாங்கியதற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார்கள். கணக்கு நோட்டு மேஸ்திரி கையில் இருக்கும்போது கைநாட்டு வைத்தவர் எந்தச் சாட்சியைக் கொண்டு வருவார்? நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கட்டாய உழைப்பு என்று தெரிந்தால், முன்பணம் இருக்கிறது என்றே அனுமானிக்க வேண்டும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் 1982இலேயே சொல்லியிருந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கூலிச்சீட்டே சாட்சியாகிவிடுகிறது.

இந்த வரலாற்றில் பிரிட்டனின் சிறு தோட்ட நிறுவனத்துக்கும் வேலை இருக்கிறது. ‘உங்கள் சங்கிலியில் அடிமைகள் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் எவரும் சொல்வார்கள். கேட்க வேண்டியது வேறு. கல் எந்தக் குவாரியிலிருந்து வருகிறது? ஆளைக் கூட்டி வந்தவர் யார்? பேஷ்கி, அதாவது முன்பணம், எவ்வளவு கொடுத்தார்கள், எந்த நோட்டில் எழுதினார்கள்? கழித்தது போகக் கைக்கு வந்த கூலி எவ்வளவு? கடன் பாக்கியோடு ஒருவர் வேறு குவாரிக்குப் போக முடியுமா? நம் ஊர்ச் செங்கல் சூளைகளில் களப்பணி செய்தவர்களுக்குப் பழகிய கேள்விகள் இவை. அங்கே அதன் பெயர் அட்வான்ஸ். தனியாகக் கேட்டால் காதில் வாங்க மாட்டார்கள் என்றால், ஒரே இறக்குமதியாளரிடம் வாங்கும் பத்து நிறுவனங்கள் சேர்ந்து கேட்கலாம். பதில் பிடிக்கவில்லை என்று உடனே வேறு நாட்டுக் கல்லுக்கு மாறுவது மட்டும் தீர்வாகாது. கடன் அப்படியே இருக்கும், வேலைதான் போகும்.

குவாரிக்குள் மட்டும் பார்த்தாலும் போதாது. பூந்தி மாவட்டத்துப் புத்புரா கிராமத்தில் குவாரிக் கழிவுக் கல்லை வீட்டு வாசலில் வைத்துச் சிறு சதுரக் கற்களாகக் கொத்துகிறார்கள். ஐரோப்பியத் தோட்டப் பாதைகளுக்குப் போகும் கல். கல் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் பிள்ளைகளும் சுத்தியல் எடுத்தார்கள். 2005இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஓர் அறிக்கை இதை வெளியே கொண்டுவந்தது. மணற்கல் தூசில் சிலிக்கா இருக்கிறது. ஆண்களுக்கு நுரையீரல் கெட்டு சிலிகோசிஸ் வருகிறது. வைத்தியத்துக்கு மறுபடி கடன். அதை அடைக்க மனைவியும் பிள்ளையும் கல்லுக்குப் போகிறார்கள். நோய் வந்த குடும்பத்தின் கடன் என்ன ஆனது என்பதையும் அந்த நிறுவனம் கேட்டாக வேண்டும்.

கடனை அறுக்கும் இன்னொரு வழியைத் தமிழ்நாடே ஒருமுறை காட்டியது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், ஒப்பந்தக்காரர்கள் பிடியிலிருந்த கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அதுவரை அங்கே கூலிக்குக் கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர் ஆனார்கள். அதே ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, நிர்வாகத்தின் அக்கறையும் பின்னால் குறைந்தது. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. ஆனால் நடந்த காலத்தில் மேஸ்திரியின் நோட்டு அங்கே தேவைப்படவில்லை. கல்லுக்கு என்ன விலை என்பதை உடைத்த பெண்களே பேசினார்கள்.