இசைத்தட்டில் இல்லாத பெயர்கள்

நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த வல்லவனுக்கு வல்லவன் 1965-இல் வந்தது. வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள் இரண்டும் 1966. மூன்றுக்கும் இசை வேதா. பாடியவர்கள் யார் என்று கேட்டால் நம் வயதுக்காரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அந்தக் கிட்டாரை வாசித்தது யார்?

இசைத்தட்டின் லேபிளில் படம், பாட்டின் முதலடி, பாடியவர், இசையமைப்பாளர், அவ்வளவுதான். வாத்தியக்காரர்கள் கால்ஷீட் கணக்கில் வந்து வாசித்தவர்கள். இன்று ஒரு இசையமைப்பாளர், நாளை இன்னொருவர். ஆகவே இசையமைப்பாளர் பெயரை மட்டும் வைத்து வாசித்த ஆளைப் பிடிக்க முடியாது.

வாத்தியமே பெயரோடு ஒட்டிக்கொண்ட சிலர் தப்பித்தார்கள். மெல்லிசை மன்னர் குழுவின் தபேலா பிரசாத், மாண்டலின் ராஜு, கிட்டார் பிலிப்ஸ் அப்படிப்பட்டவர்கள்.

காது ஓரளவு உதவும். ஹவாயன் கிட்டாரைப் படுக்க வைத்து, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பார்கள். ஸ்வரம் படிப்படியாக ஏறாமல் சறுக்கிக்கொண்டே போகும். ஆனால் காது சொல்வது வாத்தியத்தை. ஆளைச் சொல்ல உடன் வாசித்தவர்தான் வேண்டும். பம்பாய் சினிமா வாத்தியக்காரர்களை கிரகரி பூத் என்ற ஆய்வாளர் நேரில் கண்டு பேசி, 2008-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே கொண்டுவந்தார்.

அன்று இருபது வயதில் வாசித்தவருக்கு இன்று எண்பது தாண்டியிருக்கும். உங்கள் உறவில், தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், எந்தப் பாட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தது யார் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.