இரவல் துபாஷிகள்

கணினியின் வரலாறு பெரும்பாலும் மேதைகளையும் செல்வந்தர்களையும் சுற்றியே எழுதப்பட்டு வருகிறது. இயங்குதளத்தின் அடியில் கிடந்து உழைக்கும் சாதன இயக்கிகளுக்கு, அதாவது நாம் வழக்கில் 'டிரைவர்' என்று சொல்லும் நிரல்களுக்கு, அதில் ஒரு அடிக்குறிப்புகூடக் கிடைப்பது அரிது. விசைப்பலகையோடும் வலையட்டையோடும் அவற்றுக்கே உரிய மொழியில் பேசத் தெரிந்த துபாஷிகள் இவை. அழகான ஒரு கட்டுமானக் கோட்பாடு நெடுங்காலம் ஆய்வுக்கூடத்தைத் தாண்டாமல் நின்றதற்கு, இந்தத் துபாஷிகள் போதாமையே முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

1992 ஜனவரியில் ஆண்ட்ரூ டானென்பாம் என்ற பேராசிரியர், லினக்ஸ் காலாவதியான வடிவமைப்பு என்று பொதுவெளியில் எழுதினார். மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியவர் அவர். இயங்குதளத்தின் கருவான கெர்னலில் மிகக் குறைந்த வேலைகளே இருக்க வேண்டும், மற்றவை தனித்தனி நிரல்களாகச் சுவர் எழுப்பிப் பிரிக்கப்பட வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை. வாதத்தில் வென்றது யார் என்பது இன்றும் பேசப்படுகிறது. நடைமுறையில் வென்றது லினக்ஸ். ஆர்வலர்களும் நிறுவனங்களும் அதற்கென்றே இயக்கிகளை எழுதிக் குவித்தார்கள். இன்று லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் பாதிக்கும் மேல் இயக்கிகள்தாம்.

ஆனால் 2001இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்று, லினக்ஸின் மற்றப் பகுதிகளைவிட இயக்கிகளில் பிழைவிகிதம் மூன்று முதல் ஏழு மடங்குவரை அதிகம் என்று கண்டது. சுவரில்லாத வீட்டில் ஒரு வேலையாள் தடுக்கி விழுந்தால் கூரையே சரியும். டானென்பாமின் கவலை வீண்கவலை இல்லை.

நுண்கெர்னல் என்றாலே மந்தம் என்ற பழியை 1990களில் எல்4 மூலம் துடைத்தவர் ஜெர்மானியரான யோகன் லீட்கே. (2001இல் காலமானார், இந்தத் துறைக்கு அது பேரிழப்பு.) அந்த மரபில், ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது ஜீனோட். ஆய்வாகத் தொடங்கிய அதை, 2008இல் நார்மன் ஃபெஸ்கேயும் கிறிஸ்டியன் ஹெல்முத்தும் ஒரு சிறு நிறுவனமாக நிறுவி வளர்த்தெடுத்தார்கள். அங்கே ஒவ்வொரு நிரலும் ஒரு கூறு. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பெற்றோர் உண்டு. பெற்றோர் கையில் கொடுத்ததைத் தவிர உலகில் வேறெதுவும் இருப்பதே அதற்குத் தெரியாது. கருத்தளவில் இவ்வளவு தூய்மையான அமைப்பை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் சுட்டியைச் செருகினால் அது நகர வேண்டுமே! சந்தையில் உள்ள சாதனங்களுக்கெல்லாம் இயக்கி எழுதக் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலரால் ஆகாது. ஆகவே எதிர்க்கட்சியிடமே இரவல் கேட்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. யூஎஸ்பி துளை நம் கண்ணுக்கு ஒன்றுதான்; உள்ளே யூஹெச்சிஐ, ஓஹெச்சிஐ, ஈஹெச்சிஐ, எக்ஸ்ஹெச்சிஐ என நான்கு வகைக் கட்டுப்படுத்திகள், நான்கு குணங்கள். அவற்றை ஆளும் பல்லாயிரம் வரிகளைத் திருத்தி எழுதினால் புதுப்பிழைகள் முளைக்கும். லினக்ஸில் பின்னால் வரும் திருத்தங்களையும் எடுத்துக்கொள்ள முடியாது. எனவே மூலத்தைத் தொடாமல், வேரடி மண்ணோடு பெயர்த்து நடும் வழியைக் கண்டார்கள். இயக்கி நினைவகம் கேட்டால், பூட்டுக் கேட்டால், குறுக்கீட்டுக்காகக் காத்திருந்தால், லினக்ஸ் பதில் சொல்வதுபோலவே பதில் சொல்லும் ஒரு போலிச் சூழல். தான் புலம்பெயர்ந்தது இயக்கிக்கே தெரியாது. லினக்ஸில் 'ஜிஃபீஸ்' என்றொரு மாறி உண்டு, கடிகாரத் துடிப்புகளின் எண்ணிக்கை. இயக்கி யாரையும் கேளாமல் நேரே அதைப் படித்துவிடும். கேட்டால்தானே பதில் சொல்ல முடியும்? கேளாமல் படிக்கும் மாறியை ஓயாமல் முன்கூட்டியே புதுப்பித்து வைத்தாக வேண்டும்.

வலையட்டைக்குத் தொடக்கத்தில் வேறு வழி கிடைத்தது. வலையிலிருந்து கணினியைத் துவக்கும் ஐபிஎக்ஸ்இ என்ற சிறு நிரலின் இயக்கிகள் எளியவை, தம்மைச் சுற்றி அதிகம் எதிர்பார்க்காதவை. கம்பியில்லா வலைக்கு அந்த எளிமை போதவில்லை. 2014இல் இன்டெல்லின் வைஃபை இயக்கியை லினக்ஸிலிருந்தே பெயர்த்தார்கள்.

முதலில் இயக்கிக்குத் தேவையான வரையறைகளை மட்டும் கையால் பொறுக்கி எடுத்தார்கள். லினக்ஸோ தன் உள்முகங்களை நிலையாக வைப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. ஒவ்வொரு புதுப்பதிப்புக்கும் அதே பாடு. 2021 வாக்கில் முறையை மாற்றினார்கள். லினக்ஸின் ஹெட்டர் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு, இல்லாத ஃபங்ஷன்களுக்கெல்லாம் கருவியால் பொம்மைகள் செய்து நிறுத்தினார்கள். பொம்மையை யாராவது அழைத்தால் அது தன் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். அழைக்கப்பட்டதற்கு மட்டும் உயிர் கொடுத்தால் போதும்.

அதே 2021இல் இன்னொரு மாற்றம், எனக்கு மிகப் பிடித்தது. அதுவரை வலை இயக்கி சேவை தருபவராக இருந்தது. மற்றவர்கள் அதை அண்டியிருந்ததால் அது விழுந்தால் அவர்களும் திகைத்து நின்றார்கள். உறவைத் தலைகீழாக்கி, இயக்கியை வலைத்திசைவியின் வாடிக்கையாளராக்கினார்கள். இப்போது இயக்கியை நிறுத்தி மீண்டும் எழுப்பலாம். திசைவி பொறுமையாகக் காத்திருக்கும். துபாஷி இல்லாத தர்பார் கலைந்துபோவதில்லை.

சுவர்களுக்கும் எல்லை உண்டு. சாதனங்கள் நினைவகத்தில் நேரடியாக எழுத வல்லவை. சிறைப்பட்ட இயக்கியும் சாதனத்தை ஏவி அடுத்த வீட்டில் எழுதச் செய்யலாம். அதைத் தடுக்க ஐஓஎம்எம்யூ என்னும் வன்பொருள் வாயிற்காவலன் வேண்டும். வைஃபை அட்டைக்குள்ளேயே ஓடும் நிரலோ, உற்பத்தியாளர் மூலம் வெளியிடாத பொட்டலம். இயக்கி அதைப் பிரிக்காமல் அட்டையிடம் கொடுக்கிறது; லினக்ஸிலும் அப்படித்தான், ஜீனோடிலும் அப்படித்தான்.