மாவும் ஊசியும்: இல்லத்துச் சிறுதொழில்கள் தரும் ஆறுதல் பற்றிய ஓர் ஆய்வு

தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர் செய்த போரையும், எடுத்த கோயிலையும், வெட்டிய ஏரியையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இல்லத்தின் உள்ளே மா இடித்தும் நூல் நூற்றும் கிழிந்த ஆடையைத் தைத்தும் வாழ்ந்த பெண்டிரின் வரலாறு அவ்வளவாக ஆராயப்படவில்லை. இச்சிறுதொழில்கள் வயிற்றை நிரப்புவதும் உடலை மறைப்பதும் ஆகிய அளவில் நிற்பன அல்ல; களைத்தார்க்கும் கலங்கினார்க்கும் ஆறுதல் அளிப்பனவும் ஆம். அவ்வாறுதலைப் பண்டைப் புலவர் எங்ஙனம் கண்டனர், அது யாருடைய உழைப்பால் விளைந்தது, பிற்காலத்தில் எவ்வாறு மாறியது என்னும் மூன்றும் ஈண்டு ஆராயப்படும்.

மலைநாட்டு மா

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இவ்வூர் அடங்கிய திருவண்ணாமலை மாவட்டம் 1989-ஆம் ஆண்டில் தனியே அமைக்கப்பட்டது. இம்மாவட்டத்தின் மேற்கிலுள்ள செங்கமே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் கூறும் செங்கண்மா என்பர். நன்னனைப் பாடிய பெருங்கௌசிகனார், பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுமுகத்தான் இந்நிலப்பகுதி மக்களின் உணவையும் நிரல்படக் கூறியுள்ளார்.

புல்வேய்ந்த குடிசைதோறும் மூங்கிலரிசியும் நெல்லரிசியும் அவரை விதையும் புளியும் சேர்ந்த கூழ் கிடைக்கும் என்கிறார் புலவர். அது எதற்காக என்பதையும் அவரே கூறிவிடுகிறார்: வழி நடந்த வருத்தம் தீர்தற்பொருட்டு என்க. பின்னர், சருக்கரையைக் கொழித்தாற்போன்ற நுண்ணிய மாவாகிய நுவணையைக் குறிப்பிடுகிறார். அதனை உண்டோர் வேறு உணவை நாடார் என்பது அவர் கருத்து. அதனை உண்டபின் விறகில் தீ மூட்டிப் பனியைப் போக்கி அனைவரும் ஒருங்கே இனிது துயிலலாம் என்று முடிக்கிறார். மாவும் தீயும் துயிலும் ஒரு தொடர்ச்சியாகக் கூறப்பட்டமை நோக்கற்பாலது. உணவின் சுவையைப் பாராட்டுவதோடு அமையாது, அது உடலுக்கும் உள்ளத்துக்கும் செய்யும் நன்மையைப் புலவர் கருதினார் என்பது இதனாற் பெறப்படும்.

கடைத்தெருவும் அடுக்களையும்

சிறுதின்பண்டம் செய்து விற்போரைச் சங்க நூல்கள் 'கூவியர்' என வழங்கின. பெரும்பாணாற்றுப்படையில் இவர்கள் பாகு சேர்த்துச் செய்யும் வட்டமான அப்பம் பாலுடன் கலந்து உண்ணப்படும் செய்தி உவமையாக வருகிறது. மதுரைக்காஞ்சியோ தேனடை போன்ற மெல்லிய அடையையும், உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தையும் கூறி, அவற்றை விற்போர் நள்ளிரவில் இருந்தவாறே உறங்குவதையும் காட்டுகிறது. பிறர்க்கு இன்பம் தரும் பண்டத்தைச் செய்தவர், தாம் படுத்துறங்கவும் பொழுதின்றி இருந்தவாறே உறங்குகின்றனர்! மாங்குடி மருதனாரின் இக்காட்சி, ஆறுதலுக்குப் பின்னே உழைப்பு உண்டு என்பதை நமக்கு நினைவூட்டுகிறது.

அடுக்களைக் காட்சி குறுந்தொகையில் உண்டு. கூடலூர் கிழார் பாடிய 167-ஆம் பாட்டில், புதுமணப்பெண் கட்டித் தயிரைத் தன் மெல்விரலாற் பிசைகிறாள். அவ்விரலைத் துடைத்த ஆடையையும் மாற்றாமல், தாளிப்பின் புகை கண்ணில் நிறையத் தானே சமைக்கிறாள். கணவன் சுவைத்து நன்றென்று கூற, அவள் முகம் சிறிதே மலர்கிறது. உண்டவன் பெற்ற இன்பத்தை ஒரு சொல்லில் முடித்த புலவர், சமைத்தவள் பெற்ற மகிழ்ச்சியையே பாட்டின் முடிவாக வைத்தார். தன் கையால் ஒன்றைச் செய்து முடித்தலே ஓர் ஆறுதல் என்னும் உண்மை இதனுள் அடங்கியுள்ளது.

தமிழர் அடுக்களையில் மேனாட்டார் வழங்கும் மூடிய சூளையடுப்பு இடம்பெறவில்லை. ஆவியில் அவித்தல், எண்ணெயில் பொரித்தல், கல்லிலும் குழிச்சட்டியிலும் சுடுதல் ஆகியனவே நம் முறைகள். ரொட்டியும் கேக்கும் ஐரோப்பியர் வரவால் வந்தவை. ஆயினும் வீட்டில் கேக் சுடுவார் பெறும் மனநிறைவும், பணியாரம் சுடுவார் பெறும் மனநிறைவும் தன்மையால் ஒன்றே.

சிறு விளக்கும் ஊசியும்

இனி நூலும் ஊசியும் பற்றி ஆராய்வோம். தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூற்று 326-ஆம் பாட்டில், இருளில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய இளம்பேடை உயிர் நடுங்கிக் கதறுகிறது. அவ்வேளையில் பஞ்சைத் தூய்மை செய்ய எழுந்த பருத்திப்பெண்டின் சிறுவிளக்கொளியில், அது தன் சேவலைக் கண்டு அச்சம் தணிகிறது. விளக்கு ஏற்றியவள் கோழியின் பொருட்டு ஏற்றவில்லை. தன் தொழிலின் பொருட்டு ஏற்றினாள். அவள் உழைப்பின் ஒளி அயலிலுள்ள உயிருக்கு ஆறுதலாயிற்று. இல்லத்தொழிலின் இயல்பை இதனினும் சுருக்கமாகக் கூறல் அரிது.

ஆயின் அப்பெண்டிர் யாவர்? நற்றிணை 353-ஆம் பாட்டு, நுண்ணிய நூலை நூற்றவர் ஆளில் பெண்டிர், அதாவது துணையற்ற மகளிர் என்கிறது. நூற்றல் அவர்தம் பிழைப்பு. அங்ஙனமே தையலும் பண்டை நூல்களில் வறுமையின் அடையாளமாகவே பெரிதும் வருகிறது. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்தது வேற்றிழை நுழைத்துத் தைத்த கந்தல். கரிகாலன் அதனை நீக்கிப் பாம்புத் தோல் போன்ற நுண்ணாடை தந்தான். சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளருள் தையல் தொழில் செய்யும் துன்னகாரரையும் வைத்து எண்ணுகிறது. எனவே, பொழுதுபோக்காகத் தைக்கும் வழக்கத்தினும் தேவைக்காகத் தைக்கும் வழக்கமே நம் நூல்களில் தெளிவாகக் காணப்படுகிறது.

பிற்கால மாற்றங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊசித்தொழில் புதுநிலை அடைந்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பின்னல் சரிகைத் தொழிலைக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து, நெல்லை நாட்டு இடையன்குடியில் அத்தொழிலைப் பரப்பினார். அக்காலத்துத் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. அது 1855-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்னரே ஊசியால் ஈட்டிய ஊதியம் ஏழைப் பெண்களுக்குக் கைப்பொருளும் மதிப்பும் தந்தது. பின்னர்த் தையற்பொறி வந்தது. பொறிகளை ஐயுற்ற காந்தியடிகளும், 1924-இல், மனைவியின் ஊசி வேலைச் சுமையைக் குறைக்கும் அன்பினாற் பிறந்தது எனக் கூறிச் சிங்கர் தையற்பொறிக்கு விலக்களித்தார். இன்று தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களுக்குத் தையற்பொறி வழங்கும் திட்டம் இவ்வழியில் வந்ததே.

சமையற்கலையில் ஒரு திருப்பம் 1951-இல் நிகழ்ந்தது. இளமையிலேயே கணவனை இழந்த எஸ். மீனாட்சி அம்மாள், உறவினர் ஓயாது கேட்ட செய்முறைகளைத் தொகுத்துச் 'சமைத்துப் பார்' என வெளியிட்டார். தாயிடமிருந்து மகளுக்குக் கைவழியே வந்த அறிவு அச்சேறியது. துயருற்ற ஒருவரின் கைத்திறன் பல்லாயிரம் இல்லங்களுக்குத் துணையாயிற்று.

கீழ்பென்னாத்தூர்ப் பகுதியின் தின்பண்டத்திலும் வரலாறு உண்டு. இங்கு வேர்க்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பயிரின் பெயரில் பிலிப்பைன் தீவுகளின் தலைநகர் பதிந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆர்க்காட்டு நிலங்களில் பெருகி, புதுவைத் துறைமுகம் வழியே பிரான்சு நாட்டு மார்சேய் நகருக்கு எண்ணெய் வித்தாக ஏற்றுமதியான இது, வெல்லப்பாகுடன் உருண்டையாகி இங்குள்ள சிறுவர் கைக்கும் வந்தது. அண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றப்படும் நாளில் பொரியும் அப்பமும் வீடுதோறும் படைக்கப்படுகின்றன. பழம்புடவைகளை அடுக்கித் தைத்துக் குழந்தைக்குப் படுக்கை ஆக்கும் வழக்கமும் நாட்டுப்புறத்தில் உண்டு. தாயின் ஆடையே சேயின் மெத்தையாதலின், அத்தையலில் சிக்கனமும் அன்பும் பிரிக்க இயலாதவாறு கலந்துள்ளன.

முடிவு

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் போதரும். சிறுதின்பண்டமும் கைத்தொழிலும் வருத்தம் தீர்ப்பன என்பதைச் சங்கப் புலவர் தெளிந்திருந்தனர். அவ்வாறுதலைத் தந்த கைகள் பெரும்பாலும் வறியவரும் துணையற்றவருமாகிய பெண்டிரின் கைகளே. அக்கைத்திறன் ஊதியமாகவும் நூலாகவும் மாறியபோது அப்பெண்டிர்க்கும் ஒரு பங்கு கிடைத்தது. இல்லத்து இனிமையைப் பாராட்டுவோர் இப்பங்கையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். உறங்கா விழியோடு செய்த மோதகத்தை இனிதென்பது மட்டும் போதாது.

பணியார வகைகளின் பெயர்களும் தையல் வகைகளின் பெயர்களும் இன்னும் முதியோர் நாவில் வாழ்கின்றன. கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில் அவற்றைக் கேட்டு எழுதித் தொகுத்தல், கல்வெட்டுகளைப் படியெடுத்தலை ஒத்த ஆராய்ச்சிப் பணியே ஆம். கல்வெட்டுகள் காத்திருக்கும், முதியோர் நெடுங்காலம் காத்திரார். தமிழ் பயிலும் மாணவர் இப்பணியை விரைந்து மேற்கொள்வாராக.