ஆய்வுத் தொகுப்பு முறையியல்

ஒரே கேள்விக்கு விடை தேடிப் பல ஊர்களில் பலர் செய்த ஆய்வுகளை ஒன்றுவிடாமல் திரட்டி, தரம் பார்த்து, கூட்டிக் கணக்கிடுவது ஆய்வுத் தொகுப்பு. அந்தக் கூட்டலை எப்படிச் செய்வது, எங்கே தப்பு நேரும் என்று ஆராய்வது ஆய்வுத் தொகுப்பு முறையியல். இதற்கென்றே 2000களின் நடுவில் பன்னாட்டுப் புலமைச் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. புள்ளியியல், மருத்துவம், கல்வி, உளவியல், சூழலியல் எனப் பல துறையினர் அதில் இருக்கிறார்கள். 2010 முதல் இத்துறைக்குத் தனி ஆய்விதழும் வருகிறது.

இதன் தேவையைப் புரிந்துகொள்ள மாப்பிள்ளையூரணிப் பக்கம் போனால் போதும். தூத்துக்குடி நகரை ஒட்டிய அந்த ஊரைச் சுற்றிலும் உப்பளங்கள். வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்கிவிட வேண்டும் என்று விடியும் முன்பே வேலை தொடங்கும். காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துணி, எதிரே கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. பல அளங்களில் கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் அனுமதிக்கத்தக்க அளவுக்கு மேலான வெப்பத்தில் வேலை பார்த்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. இது வெயிலால் வந்ததா, தண்ணீர் குடிக்காததாலா, வேறு நோயாலா? 352 பேரை ஒருமுறை பார்த்துவிட்டு அதை அறுதியிட முடியாது. உலகெங்கும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் என்ன கண்டார்கள் என்று தேடத்தான் வேண்டும்.

அப்படித் தேடிய தொகுப்பு ஒன்று 2018இல் 'தி லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் வந்தது. 30 நாடுகளின் 111 ஆய்வுகள், 44 கோடியே 70 லட்சம் தொழிலாளர்கள். கடும் வெப்பத்தில் வழக்கமாக வேலை செய்கிறவர்களில் நூற்றுக்கு 15 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்ததாக அது கணக்கிட்டது. 44 கோடி என்றதும் மலைக்க வேண்டியதில்லை. சிறுநீரகக் கணக்குக்குப் பயன்பட்டவை அந்த 111 ஆய்வுகளில் ஒரு சிறு பகுதியே. கரும்பு வெட்டுகிறவரையும் உப்பு வாருகிறவரையும் ஒரே பட்டியலில் போடலாமா என்ற கேள்வியும் உண்டு. முறையியலாளர்கள் மல்லுக்கு நிற்பது இந்த இடத்தில்தான்.

கூட்டிப் பார்க்கும் முயற்சி புதிதல்ல. 1904இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், டைஃபாய்டு தடுப்பூசி பற்றி இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பிரிட்டிஷ் படையினரிடம் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். எண்கள் இடத்துக்கு இடம் முரண்பட்டன. ஒழுங்கான சோதனை நடத்திப் பார்க்கலாமே என்றார் அவர். இப்படிக் கூட்டிக் கணக்கிடுவதற்கு மெட்டா அனாலிசிஸ் என்ற பெயர் வந்ததோ 1976இல்தான். சூட்டியவர் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்.

இத்துறையின் அடையாளப் படம் ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு படுக்கைக் கோடு. கோடு நீண்டால் அந்த ஆய்வின் விடையில் நிச்சயம் குறைவு என்று பொருள். நடுவே விளைவில்லை என்பதைக் குறிக்கும் செங்குத்துக் கோடு. அடியில், எல்லாம் கூட்டிய விடை வைர வடிவில். மருத்துவ ஆய்வுகளைத் தொகுப்பதற்கென்று 1993இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பின் சின்னமே அப்படிப்பட்ட படம்தான். குறைப்பிரசவம் நேரப்போகும் தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த 7 ஆய்வுகள் அதில் இருக்கின்றன. முதல் ஆய்வு 1972இல் வந்தது. முறையான தொகுப்பு 1989இல்தான் வெளியானது. விடை தனித்தனித் தாள்களில் சிதறிக்கிடந்த அத்தனை ஆண்டுகளில் அந்த ஊசி கிடைக்காமல் இறந்த குழந்தைகள் ஏராளம்.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. பெரும்பாலும் வசதியான மருத்துவமனைகளில் கிடைத்த அந்த விடையை இந்தியா உள்ளிட்ட 6 நாடுகளின் எளிய சூழல்களுக்குக் கொண்டுபோனபோது, 2015இல் வந்த முடிவு அதிர்ச்சி தந்தது: மொத்தக் கணக்கில் பச்சிளங்குழந்தை இறப்பு கூடியிருந்தது. பிறகு, கர்ப்ப காலத்தைச் சரியாகக் கணித்து, பராமரிப்பு வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. அதிலும் இந்தியா இருந்தது. இறப்பு 23.5 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. மருந்து அதேதான், கொடுத்த இடம் வேறு.

தமிழ்நாட்டில் இந்தக் கலையின் நாற்றங்கால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. அங்கே மனநல மருத்துவர் பிரதாப் தார்யன் தலைமையில் காக்ரேனின் தெற்காசிய மையம் இயங்கிவந்தது. வேலூர்க்காரர்கள் பிறர் ஆய்வுகளைத் தொகுத்ததோடு நிற்கவில்லை, தொகுப்புக்குத் தேவையான ஆய்வுகளையும் செய்தார்கள். மனநோய் முற்றி ஆவேசமாக வருகிறவரை ஆபத்தில்லாமல் அமைதிப்படுத்த எந்த ஊசி நல்லது என்பது அவர்கள் கேள்வி. ஹாலோபெரிடாலும் புரோமெத்தசினும் சேர்ந்த மலிவான ஊசியை முதலில் லோராசெபாமோடு 200 பேரிடமும், அடுத்து விலை கூடிய ஒலான்சபினோடு 300 பேரிடமும் ஒப்பிட்டார்கள். ஒலான்சபின் பெற்றவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குள் கூடுதல் மருந்து அதிகம் தேவைப்பட்டது. ரியோ டி ஜெனிரோவில் நடந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்தால் 1,117 பேர். 2009இல் வந்த காக்ரேன் தொகுப்பு இந்த நான்கு ஆய்வுகளின் மேல் எழுந்தது. பிரேசிலும் வேலூரும் சேர்ந்து பணக்கார நாடுகளுக்கும் பாடம் சொன்ன அபூர்வமான சந்தர்ப்பம் அது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது இந்த வேலைக்கு வேறொரு அவசரம் வந்தது. இலங்கை மறைத்து நின்றதால் தூத்துக்குடிக் கரை பெருமளவு தப்பியது, நாகப்பட்டினம் தப்பவில்லை. உதவிக்கு வந்தவர்களில் பலர், பாதிக்கப்பட்டவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைத்தால் மனம் ஆறும் என்று நம்பினார்கள். அப்படிப் பேச வைப்பது பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று முன்பே வெளியாகியிருந்த காக்ரேன் தொகுப்பு காட்டியிருந்தது. இத்தகைய முடிவுகளை நிவாரணப் பணியாளர்கள் கையில் விரைவாகச் சேர்க்கும் முயற்சியில் தார்யனும் பங்கெடுத்தார். பேரிடர்களுக்கான 'எவிடென்ஸ் எய்டு' அமைப்பு அதிலிருந்து பிறந்தது.

தொகுப்பவரை உள்ளிருந்தே கெடுப்பது வெளியாகாத ஆய்வுகள். மருந்து பலித்தால் கட்டுரை வரும். பலிக்காவிட்டால் கோப்பு அலமாரிக்குள் போகும். கிடைத்ததை மட்டும் கூட்டினால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும். இதற்குத் தடை போட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் மருத்துவச் சோதனைப் பதிவேட்டைத் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல், சோதனை ஆரம்பிக்கும் முன்பே பதிவது கட்டாயம். காக்ரேன் தொகுப்புகள் அடங்கிய காக்ரேன் நூலகத்தை நாட்டு மக்கள் எல்லோரும் இலவசமாகப் படிக்க அதே கழகம் 2007இல் பணம் கட்டியது. நூலகம் ஆங்கிலத்தில் இருந்தாலும், தொகுப்புகளின் எளிய சுருக்கங்கள் பலவற்றைத் தமிழிலும் படிக்கலாம்.